ஊசி முடியும் முன்பே குட்டியை வகுப்புக்குக் கூட்டிப் போனோம்: ஆறு ஞாயிற்றுக்கிழமை அனுபவம்

நாய்க்குட்டி வந்து பத்து நாள் ஆகிறது, எல்லா ஊசியும் போட்டு முடித்த பிறகுதான் வாசலைத் தாண்ட விடுவது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இதை முழுதாகப் படியுங்கள். நாங்களும் அதையேதான் செய்ய இருந்தோம். கடைசி நேரத்தில் மனசு மாறி, தாம்பரம் பக்கம் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் ஞாயிறு காலையில் நடக்கும் குட்டிகள் வகுப்பில் எங்கள் செவலையைச் சேர்த்தோம். ஆறு வாரம், 4,500 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது. குறையும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஒரே ஒரு பெண் தனியாக நடத்தும் சின்ன வகுப்பு என்பதால் பெயர் போடவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் நம்பிப் போகலாமா என்று பார்க்க இது உதவினால் போதும்.

செவலை எங்கள் தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் பின்கட்டில் பிறந்தவள். நாட்டு நாய். அம்மா நாய் யாரையும் கிட்டவே விடாது, சோறு வைக்கப் போனாலும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் தள்ளிவிட வேண்டும். அதனால் கண் திறந்ததிலிருந்து ஏழரை வாரம் வரை அந்தக் குட்டி பார்த்த உலகம் ஒரு சுவர், ஒரு முருங்கை மரம், கூடப் பிறந்த மூன்று பேர், அவ்வளவுதான். வீட்டுக்குத் தூக்கி வந்த அன்றைக்குக் குக்கர் விசில் அடித்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டாள். என் மாமனார் இந்த வயதில் தரையில் படுத்துக் கையை நீட்டி, என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டும் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. புது இடம், கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

எட்டாவது வாரம் முதல் ஊசிக்குப் போனபோது டாக்டர்தான் பிடித்துச் சொன்னார். "இது கூச்சம் இல்லைம்மா, பயம். இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டப்படுவீங்க." புதிதாகப் பார்ப்பதை எல்லாம் ஒரு குட்டி சுலபமாக ஏற்றுக்கொள்ளும் காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி, பன்னிரண்டு பதினான்கு வாரத்துக்குள் மெல்ல மெல்ல மூடிவிடுகிறது. அதற்கப்புறம் அதே நாய்க்குப் புதியது எதுவும் முதலில் ஆபத்தாகத்தான் தெரியும். பழக்கவே முடியாது என்றில்லை, ஆனால் ஒரு வாரத்தில் நடக்க வேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்கு வந்து தேடினால் 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. உயரமாக வேலி அடைத்த திடலில் மனிதர்களோடு தொடர்பே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, சிலவற்றை மட்டும் 2, 3, 5, 7, 9 வார வயதுகளில் ஒரு வாரம் வெளியே எடுத்து ஆட்களோடு பழகவிட்டு, திரும்பவும் திடலுக்கே அனுப்பியிருக்கிறார்கள். பதினான்கு வாரம் வரை யாரோடும் பழகாமல் இருந்தவை அதற்கப்புறம் மனிதரோடு ஒட்டவே இல்லை. படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பின்கட்டும் கிட்டத்தட்ட அந்தத் திடல் மாதிரிதானே. செவலைக்கு எட்டு வாரம் முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது ஒரு மாதம், அதிகம் போனால் ஒன்றரை மாதம்.

ஆனால் மறுபக்கம் பார்வோ, குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். எதிர்வீட்டு ராக்கி போன வருடம் அதில்தான் போனான். மூன்றே நாள், வாந்தியும் ரத்தமாக வயிற்றுப்போக்கும். அந்த வீட்டு அக்கா இன்றும் அதைப் பேசினால் அழுகிறார். குட்டிகளுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போகும். ஏன் இத்தனை தடவை என்று நான் கேட்டேன். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாதாம், அது எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாதாம். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆக, ஊசி முடியும்வரை காத்திருந்தால் பழக்கும் காலம் போய்விடும், காத்திருக்காமல் தெருவில் இறக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு நடுவில் ஒரு வழி உண்டு என்று டாக்டர் காட்டியது, அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008இல் வெளியிட்ட ஓர் அறிக்கை. ஏழெட்டு வாரத்திலேயே வகுப்பைத் தொடங்கலாம், ஆனால் முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும், முதல் புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும், அதற்கப்புறம் வகுப்பு நடக்கும் காலம் முழுக்க ஊசிகளைத் தவறாமல் போட்டுவர வேண்டும். அங்கே மூன்று வயதுக்குள் சாகும் நாய்களில் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறால் போகும் உயிர்தான் அதிகம் என்றும் அதில் இருக்கிறது. நம் பக்கம் வேறு மாதிரி நடக்கிறது. யாரைக் கண்டாலும் கடிக்கப் பாயும் நாயை மொட்டைமாடியில் சங்கிலியில் கட்டிவிடுகிறோம், அது அங்கேயே ஆயுசைக் கழிக்கிறது. எங்கள் தெருவிலேயே இரண்டு மாடிகளில் அப்படி இரண்டு நாய்கள் இருக்கின்றன. செவலை மூன்றாவதாக ஆகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனசில் இருந்தது.

அவசரத்தில் முதலில் போன இடம் சரியில்லை. அதைச் சொல்லாமல் விடக்கூடாது, ஏனென்றால் 'சோஷியலைசேஷன்', அதாவது குட்டியை ஆட்களோடும் மற்ற நாய்களோடும் பழக்குவது என்று பெயர் போட்டு இப்படித்தான் பல இடங்களில் நடக்கிறது. ஒரு திறந்த மைதானம், பன்னிரண்டு பதினைந்து நாய்கள், ஆறு மாத லேப்ரடாரும் இருக்கிறது, இரண்டு மாதப் பொமரேனியனும் இருக்கிறது. ஊசிப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. வாங்கி நடுவில் இறக்கிவிட்டார்கள். லேப்ரடார் ஓடிவந்து செவலையைக் காலால் புரட்டியது. விளையாட்டாகத்தான் செய்தது, அதன் மேல் தப்பில்லை. ஆனால் இவள் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மல்லாந்து, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். நான் தூக்கப் போனேன். "தூக்காதீங்க மேடம், தூக்கினா செல்லம் ஆகிடும், தானா பழகிடும்" என்றார் அந்த ட்ரெய்னர். நானும் அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடத்துக்கு இன்றும் வருத்தப்படுகிறேன். அடுத்த மூன்று நாள் பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலே சோபாவுக்கு அடியில் போய்விட்டாள். பயப்படுகிற குட்டியை அந்தப் பயத்துக்கு நடுவிலேயே விட்டால் அது பழகுவதில்லை, உலகம் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிக்கொள்கிறது. நம் வீட்டுப் பிள்ளை அழுதால் தூக்க மாட்டோமா?

சரி, இப்போது வகுப்புக்கு வருகிறேன். சேர்க்கும் முன்பே அதை நடத்தும் ட்ரெய்னர் ஊசிப் புத்தகத்தை வாட்ஸப்பில் படமெடுத்து அனுப்பச் சொன்னார். ஊசி போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பார்த்து, "இந்த ஞாயிறு வேண்டாம், அடுத்த ஞாயிறு வாங்க" என்றார். காசு வாங்கும் முன்பே தள்ளிப்போடச் சொல்கிறவரை நம்பலாம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. பத்தாவது வாரத்தில் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார், ஏனென்றால் பார்வோ கிருமி செருப்பிலேயே வந்துவிடும். நிழலான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். வீட்டுக்குத் துடைக்கும் சாதாரண ஃபினாயில் எல்லாம் அதை நம்பிக்கையாகக் கொல்லாது. முந்தின நாளே தரையைக் கழுவிக் காயவிட்டு, 30 பங்கு தண்ணீரில் 1 பங்கு பிளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் திரும்பக் கழுவுகிறார். உண்ணி இருக்கிறதா என்று ஒவ்வொரு குட்டிக்கும் காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். வயிறு சரியில்லாத குட்டிக்கு அன்றைக்கு அனுமதி கிடையாது. ஒரு வாரம் ஒரு பீகிளைத் திருப்பி அனுப்பினார், கூட்டி வந்தவருக்குக் கோபம்தான், ஆனாலும் அவர் அசையவில்லை.

முதல் நாள் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு நாய்களைப் பற்றி இருந்த எண்ணத்தையே மாற்றிய நாள் அது. உள்ளே போய் ஹார்னஸைத் தளர்த்தியதும் செவலை நேராக என் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். முகம் சுவர்ப்பக்கம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மற்ற ஐந்து குட்டிகளும் ஓடி விளையாடுகின்றன. ட்ரெய்னர் வந்து, என்னைப் பார்த்து, மெல்லச் சொன்னார்: "அக்கா, நீங்க கூப்பிடாதீங்க, இழுக்காதீங்க. ஜவுளிக்கடைக்கு வந்தா எல்லாத்தையும் வாங்கியே ஆகணுமா? பார்த்துட்டுப் போகட்டும்." பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அட்டைத் தடுப்பை வைத்து மற்ற குட்டிகள் அங்கே வரமுடியாதபடி செய்தார். வேகவைத்த கோழியைக் கடலைப்பருப்பு அளவுக்குப் பிய்த்து, நாற்காலிக்கு ஒரு அடி தள்ளி ஒன்று, ஒன்றரை அடியில் ஒன்று என்று போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மூக்கு மட்டும் வெளியே வந்தது. காற்றை மோந்தது. உள்ளே போனது. இன்னொரு தடவை மூக்கு, கூடவே ஒரு முன்னங்கால். முதல் துண்டு காலி. வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தாள், வால் நுனி மட்டும் இரண்டு தடவை அசைந்தது. "இன்னைக்கு இது போதும், முடிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன வாரம் மைதானத்தில் தூக்காமல் நின்ற அரை நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

ஆறு வாரத்தில் எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி, குட்டியின் உடம்பைப் படிப்பது. பசி இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்கினால், தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டால், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளைவிழி தெரியப் பார்த்தால், அது 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று மரியாதையாகச் சொல்கிறது. அதைக் கேட்காமல் விட்டுவிட்டு, உறுமினால் மட்டும் அடிக்கிறோம். அடித்தால் உறுமுவதை நிறுத்திவிடும், அப்புறம் எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். இதை ஊரில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாகக் குழந்தை இருக்கும் வீடுகளில். குட்டிகள் கட்டிப் புரளும்போது அது விளையாட்டா சண்டையா என்று சந்தேகம் வந்தால், மேலே இருக்கும் குட்டியை மெல்லப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கீழே கிடந்தது எழுந்து திரும்ப அதனிடமே வந்தால் விளையாட்டு, விலகிப் போனால் அதற்குப் போதும் என்று அர்த்தம். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் எல்லாரையும் பிரித்து, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, மறுபடி விடுகிறார். கண்ணாடித் தாள் சரசரப்பு, மடக்குக் கட்டில், ஊன்றுகோல், ஹெல்மெட் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று பொருள்தான், அதற்கு மேல் இல்லை. ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தால் எந்தக் குட்டியும் குரைக்கும். அவர் முதலில் அதைத் தரையில் கவிழ்த்து வைத்தார், அடுத்து கையில், அடுத்து எங்கள் கண்ணெதிரே தலையில். மூன்றாவது வாரம் செவலை ஹெல்மெட்டுக்குள்ளேயே முகத்தை விட்டுச் சாப்பாடு தேடினாள். இப்போது சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் எங்கள் கேட்டில் நிம்மதியாக நிற்கிறார்கள்.

சத்தத்துக்கும் அதே வழிதான். வெடி, இடி, பறை, குடிதண்ணீர் லாரியின் ஹாரன் எல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். குட்டி காதைத் திருப்பும், ஆனால் சாப்பிடுவதை நிறுத்தாது என்கிற அளவில் வைத்துத் தொடங்க வேண்டும். சாப்பிடுவதை நிறுத்தினால் சத்தம் அதிகம், குறைக்க வேண்டும். வீட்டில் தினம் இருவேளை சோறு போடும்போது ஐந்து நிமிடம் போட்டோம். குக்கருக்கு நான் சொந்தமாக ஒன்று செய்தேன்: விசில் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு கைப்பிடி கோழியைக் கூடத்தில் வீசிவிடுவது. பதினைந்து நாளில் விசில் அடித்தால் கூடத்துக்கு ஓடிவந்து என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்கு என்ன ஆகும் என்றுதான் பயந்துகொண்டிருந்தோம். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுக்குவெடிக்கு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள், மற்றபடி அவர் வேட்டி மேலே தலையை வைத்துப் படுத்திருந்தாள்.

வகுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம்தான், மிச்சமெல்லாம் நாம் செய்ய வேண்டியது. தெருவில் கால் படக்கூடாது, ஆனால் தெருவைப் பார்க்க வேண்டும். அதனால் பழைய துணிப்பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு தூக்கிப் போனேன். டீக்கடை எதிரில் பத்து நிமிடம், பள்ளிக்கூடம் விடும் நேரம் கொஞ்சம் தள்ளி நின்று பத்து நிமிடம், ரயில்வே கேட், பூக்காரம்மா, குப்பை வண்டி. தெரு நாய்கள் மோப்பம் பிடிக்கும் மூலை, மூத்திரம் போகும் மின்கம்பம் பக்கம் மட்டும் போகவே இல்லை. யார் வந்து தொட்டாலும் சரி என்று விடக்கூடாது, அவளாகப் பையிலிருந்து தலையை நீட்டினால்தான் தொடலாம் என்று சொல்லிவிடுவேன். பூக்காரம்மாவுக்கு முதலில் வருத்தம், அப்புறம் அவரே மற்றவர்களைத் தடுக்க ஆரம்பித்துவிட்டார். காது, பல், நகம் இதையெல்லாம் தினம் இரண்டு நொடி தொட்டு ஒரு துண்டு கொடுப்பது இன்னொரு வீட்டுப்பாடம். இப்போது டாக்டரிடம் மேஜையில் தானாக நிற்கிறாள்.

இடையில் ஒரு விஷயம். குட்டிகள் பல் முளைக்கும் வயதில் கவ்வத்தான் செய்யும். ரேபிஸ் ஊசியை மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். எங்கள் மகள் கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. குட்டிதானே என்று யாரும் விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் அவர்கள் சொன்னபடி ஊசி போட்டோம்.

குறைகள். ஆறு குட்டிக்கு ஒரே ஆள் என்பது போதாது. ஒரு மூலையில் ஒன்று பயந்துகொண்டிருந்தால் இன்னொரு மூலையை யாரும் பார்ப்பதில்லை, நான்கோடு நிறுத்த வேண்டும். குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. காரணம் புரிகிறது, ஆனால் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால்தான் பாதி வேலை முடியும். கத்திரி வெயிலில் ஏழரை மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குத் தகர ஷெட் கொதிக்கிறது. நான் கேட்ட பிறகு கடைசி இரண்டு வாரம் ஆறரைக்கு மாற்றினார், அதை முதலிலேயே செய்திருக்கலாம். தவறவிட்ட வகுப்புக்குப் பணமும் கிடையாது, வேறு நாளும் கிடையாது. இத்தனைக்கும் பிறகும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நீங்கள் ஓர் இடத்துக்குப் போனால் அவர்கள் ஊசிப் புத்தகத்தைக் கேட்கிறார்களா, ஒளிந்துகொள்ளும் குட்டிக்கு ஒளிய இடம் தருகிறார்களா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. வகுப்பு முழுக்கக் கோடையில் நடந்ததால் குடை, மழைக்கோட்டு இதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை. மழை பிடித்ததும் பால்காரர் குடையை விரித்துக்கொண்டு வந்தார், ஒன்பது மாத நாய் மாடிப்படி ஏறி ஓடி நடுங்கிக்கொண்டு நிற்கிறது. ட்ரெய்னருக்குப் போன் செய்தேன். வகுப்பு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தும் எடுத்துப் பேசினார். "மடக்கின குடையைக் கூடத்துல போட்டு வைங்க அக்கா, சுத்தி கோழி போடுங்க, ஒரு வாரம் விரிக்காதீங்க" என்றார். இரண்டாவது வாரம் நடக்கிறது. குடை பாதி விரிந்த நிலையில் கூடத்தில் கிடக்கிறது, செவலை அதன் கைப்பிடி வரை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். பால்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், இன்னும் பத்து நாளைக்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே குடையை மடக்கிவிட்டுத்தான் வருகிறார்.